தட்டில் வந்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஓர் எவர்சில்வர் தட்டு வரும். அதில் சிறிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வேத வசனம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வருவதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். சிலர் அதைக் கைத்தொலைபேசி உறைக்குள் செருகிக்கொள்வார்கள். சிலர் காரில் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுவோம். அதற்கு முன், காலையில் பசியாற உட்காரும்போது, அவரவர் அட்டையை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள் நான்தான்.

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை செய்கிறேன். கணவர் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கிறிஸ்தவக் குடும்பங்கள் சில மட்டுமே. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்குப் பதினெட்டு வயது, மகளுக்குப் பதின்மூன்று. நான் சொல்லும் புத்தாண்டில் அவர்கள் வயது அது.

அதற்கு முந்தைய வருடம், ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, மகனுக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. கால்களில் நீலத் திட்டுகள் தோன்றின. பந்து விளையாடி இடித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தோம். தானா ராத்தா கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். இரத்தப் புற்றுநோய். மருந்து ஏறியது, முடி கொட்டியது, கொஞ்சம் தேறினான். பிறகு நோய் திரும்பி வந்தது. இரண்டாவது சுற்று மருந்துக்கு நடுவே சில நாட்கள் வீட்டில் இருக்க விட்டார்கள். அந்த நாட்களில் புத்தாண்டு வந்தது.

தலையில் கம்பளிக் குல்லாவோடு எங்கள் சபைக் கோயிலுக்கு வந்தான். இந்த மலைக் குளிரில் பாதிப் பேர் குல்லாவோடுதான் இருப்பார்கள் என்பதால் அவன் தலையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தட்டு வந்தது. நால்வரும் எடுத்தோம்.

வீடு திரும்பும்போது பின் இருக்கையில் இரண்டும் குசுகுசுவென்று பேசி அடக்க முடியாமல் சிரித்தன. மகள் அவன் தோளில் குத்துவது கேட்டது.

"என்னடா சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்க மக எடுத்த கார்டு பயங்கரம்லா."

"அண்ணே, வாய மூடு!"

"வீட்டுல போய் வாசிச்சாப் போதும். வாக்குத்தத்தத்தக் கேலி பண்ணாதீங்க," என்று அதட்டினேன்.

வீட்டில் மகன் எழுந்து நின்றான். அவன் அட்டையில், உன் சந்ததியை வானத்து நட்சத்திரங்கள்போலப் பெருகச் செய்வேன் என்ற பொருளில் வசனம் இருந்தது. கணவர் இடியாப்பத்தைப் பிய்த்தபடியே, "மொதல்ல பொண்ணு கிடைக்குதா பாருடா," என்றார்.

"பொண்ணு கெடக்கட்டும்பா. அத்தன பிள்ளைங்களையும் ஏத்திட்டுப் போக உங்க லோரி பத்துமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். பிள்ளை பெறப் போகிறவன் என்றால் அதற்கு முன் பிழைக்க வேண்டும், கல்யாணம் பண்ண வேண்டும். ஆண்டவர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? அடுத்து மகள் தன் அட்டையை வாசித்தாள். என் காதில் விழவில்லை. அவள் அதை ஐஸ்பெட்டியில் ஒட்டாமல் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அந்த வருடம் முழுவதும் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது திரிங்காப்பைத் தாண்டி சிம்பாங் பூலாய் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவன் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுப்பான். நான் முதுகைத் தடவிக்கொண்டே, "பிள்ளைக்குட்டியோட வாழப் போறவன்டா நீ," என்பேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா," என்பான். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. இந்த மருந்தால் பின்னாளில் குழந்தை பிறப்பது சிரமமாகலாம் என்று டாக்டர் ஒருமுறை எச்சரித்தபோது நான் சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் அவனுக்காக உபவாசம் இருந்தார்கள். மகள் தானும் இருப்பேன் என்று அடம்பிடித்தாள். காலை ஒரு வேளை மட்டும் என்று விட்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் நுரையீரலில் கிருமி பரவியது. தொண்டைக்குள் குழாய் விடுவதற்கு முன் என்னிடம் கடைசியாகப் பேசியது, "புழுக்கமா இருக்கும்மா. எப்ப மேல போலாம்?" என்பதுதான். ஈப்போ வெயில் அவனுக்கு என்றும் ஒத்துக்கொண்டதில்லை. போய்விடலாம், நாலு நாளில் போய்விடலாம் என்றேன். மேலே கொண்டுவந்தோம். பெட்டியில்தான் கொண்டுவந்தோம்.

அன்றைக்குத் தோட்டத்தில் எங்கள் பிரிவுக்காரர்கள் கொழுந்து வெட்டப் போகவில்லை. சபையார் வந்து பாடினார்கள். "அழாதீங்க சிஸ்டர், அவன் கர்த்தர்கிட்ட இருக்கான்," என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வாசலில் உட்கார்ந்து, "என் தங்கத்த அநியாயமாக் கொண்டுபோயிட்டியே," என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் கும்பிடும் சாமி வேறு. ஆனால் அன்று எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசுகிறவர். தேவ சித்தம் என்று அவர் தொடங்கியதும் நான் எழுந்துபோய் ஐஸ்பெட்டியில் இருந்த அட்டையைப் பிய்த்து அவர் முன்னால் போட்டேன்.

"நட்சத்திரம் மாதிரி பிள்ளைங்க தர்றேன்னாரே பாஸ்டர். எங்க? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நான் கேட்டனா? அவராத்தானே சொன்னாரு. சொல்லிட்டு ஏமாத்தலாமா?"

பாஸ்டர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிலைப்படியில் நின்றாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணனை நினைத்து அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அவள் உபவாசம் இருக்கத் தொடங்கினாள். முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு புதன்கிழமையும். பிறகு எந்த நாள் என்று எனக்குத் தெரியாமல் போனது. கேட்டால், "உபவாசம்மா," என்பாள். இதில் நான் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. எங்களிடையே உபவாசம் இருக்கும் பிள்ளையை யாரும் கேள்வி கேட்பதில்லை, மெச்சுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு சிஸ்டர் அவள் கன்னத்தைத் தொட்டு, "அண்ணன இழந்த வயசுல இவ்வளவு விசுவாசமா! எம் பொண்ணும் இருக்காளே, கே.எப்.சி. கோழி வாங்கித் தரலன்னாத்தான் உபவாசம்," என்றார். என் மனதுக்கு அது இதமாக இருந்தது. என்னால் ஜெபிக்க முடியாத வீட்டில் இவளாவது ஜெபிக்கிறாளே என்று நினைத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டார்.

"கிராணிம்மா, ஒரு கேள்வி. என் முறுக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ஏங்க்கா?"

"உன் மகளுக்குக் குடுத்ததெல்லாம் நாய்க்குப் போவுது. நாயி கொழுத்துப்போச்சு, புள்ள எளச்சிப்போச்சு. கண்ணு தெரியலயா உனக்கு?"

"உபவாசம் இருக்காக்கா. அண்ணனுக்காக ஜெபம் பண்றா."

"செத்தவனுக்கு எதுக்குடி பட்டினி? உங்க சாமி கேட்டுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் விசுவாசம் இவருக்கு எப்படிப் புரியும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

சில நாட்களில் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. காலை அணிவகுப்பில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. கையில், விழுந்த இடத்தில், ஒரு நீலத் திட்டு.

அந்தத் திட்டைப் பார்த்ததும் அவளை வாரிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன். தானா ராத்தாவில் அதே கிளினிக். அதே நீல நாற்காலிகள். மலாய்க்கார டாக்டரம்மா இரத்தம் எடுக்க வேண்டும் என்றார். ஊசிக்குள் இரத்தம் ஏறுவதைப் பார்த்தபடி நான் நின்றேன். முடிவு வரும்வரை வெளியே காத்திருந்தோம். ஜெபிக்க வாய் திறந்தேன். பழக்கத்தில் நாக்கில் வந்ததெல்லாம் மகனுக்காகச் சொன்ன அதே வார்த்தைகள். அவை எங்கே கொண்டுபோய் விட்டன என்று எனக்குத் தெரியும். அவற்றை மறுபடியும் இவள்மீது சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. வேறு வார்த்தைகள் என்னிடம் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். நான் நினைத்த நோய் இல்லை. இரத்தம் குறைவு, உடம்பில் சத்தே இல்லை, இந்தப் பிள்ளை பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். இப்படியே விட்டால் இதயத்தைப் பாதிக்கும், அடுத்த வாரம் எடை பார்க்கக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்றார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே சுற்றுலா வந்தவர்கள் ஸ்ட்ராபெரிப் பைகளோடு மழைக்கு ஒதுங்கி ஓடினார்கள்.

"எதுக்கு இப்படிப் பண்ற? சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த நட்சத்திரக் கார்டு அண்ணனோடது இல்லம்மா. நான் எடுத்தது."

எனக்குப் புரியவில்லை.

"பிள்ள பெறுவன்னு வந்துச்சும்மா எனக்கு. எல்லார் முன்னாலயும் எந்திரிச்சி நின்னு அத எப்படி வாசிப்பேன்? அப்பா சிரிப்பாரு. வெக்கமா இருந்துச்சு. அண்ணன்தான், குடு நான் வாசிக்கிறேன்னு மாத்திக்கிட்டாரு. கார்லயே."

"அப்ப அவன் எடுத்தது?"

"எங்கிட்ட இருக்கு." குரல் உடைந்தது. "நீ சாக மாட்ட, உயிரோட இருப்பன்னு போட்டிருக்கு. அது அண்ணனுக்கு வந்ததும்மா. நான் எடுத்துக்கிட்டேன். அதனாலதான்..."

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அவள்மீது கோபம் வந்தது. ஏன் மாற்றினாய் என்று மனம் கத்தியது. படித்தவள், வயதானவள், ஓர் அட்டைக்காகப் பெற்ற பிள்ளைமீது கோபப்பட்டேன். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். "தெரியும்மா," என்று மட்டும் சொன்னாள்.

"திருப்பிக் குடுக்கப் பாத்தேன். சாப்பிடாம இருந்தா ஆண்டவர் என்னைய எடுத்துப்பாருன்னு."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அந்த அட்டைகள் ஆண்டவரின் சொல்தான் என்றால் என் மகள் சொல்வது சரியாகிவிடும். வெறும் காகிதம் என்றால், மகனைக் கடைசிவரை ஏமாற்றியவள் நானாகிவிடுவேன். இரண்டில் ஒன்றை அந்தக் காருக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். வண்டியை ரிங்லெட்டுக்கு விட்டேன். பாஸ்டர் வீடு அங்கேதான்.

பாஸ்டர் தாப்பாவுக்குப் போயிருந்தார். பாஸ்டரம்மா தரையில் உட்கார்ந்து காங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர். என்னா இது, பிள்ள முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்று எழுந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் என் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். கேட்கக் கேட்கப் பாஸ்டரம்மாவின் முகம் மாறியது. கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"பாப்பா, இங்க வா. அந்தக் கார்டெல்லாம் யாரு செய்யறா தெரியுமா?"

மகள் தலையாட்டினாள், தெரியாது என்று.

"நான்தான்லா. கம்ப்யூட்டர்ல அடிச்சி, பிரிஞ்சாங்ல கலர் பிரிண்ட் எடுத்து, இதே தரையில உக்காந்து வெட்டுவேன். நல்ல வசனமாப் பாத்துப் பொறுக்கி எடுப்பேன். கஷ்டம், கண்ணீரு, சாவுன்னு வர்ற வசனத்த எல்லாம் தள்ளி வச்சிடுவேன். ஒரு வருஷம் தெரியாம உபத்திரவம்னு ஒண்ணு போயிடுச்சி. அத எடுத்த அங்கிள் மூணு மாசம் கோயில் பக்கமே வரல."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது.

"உயிரோட இருப்பங்கிற வசனம் எத்தன கார்டுல போட்டேன்னு எனக்கே கணக்கில்ல. எல்லாருக்கும் பிடிக்கும்னு நெறய போட்டேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஆண்டவர் எடுத்துத் தரலயா ஆன்ட்டி? பொய்யா?"

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

"வசனம் பொய் இல்ல பாப்பா," என்றார் கடைசியில். "ஆனா தட்டு நாங்க வச்சது." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நானே வெட்டி நானே அடுக்கி, எனக்குன்னு எடுக்கும்போது மட்டும் கண்ண இறுக்கி மூடிக்குவேன். அந்த ஒண்ணு அவரு தர்றதுன்னு நெனச்சிக்குவேன். பைத்தியம்தான், இல்ல?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "உங்க அண்ணனுக்கு வந்தது நோய்மா. நீ ஒண்ணும் எடுத்துக்கல."

ஜெபம் செய்யட்டுமா என்று வழக்கம்போல் கேட்டார். மகள் என் கையை இறுக்கினாள். இன்னொரு நாள் செய்யலாம் என்று கிளம்பினேன்.

திரும்பும் வழியில் நெரிசல். வண்டிகள் நத்தையாய் ஊர்ந்தன. தேயிலைச் சரிவில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று சொன்னேன்.

"அது காகிதம்தான். நீ மாத்தாம இருந்திருந்தாலும் அண்ணன் போயிருப்பான். அம்மாதான் அதப் பிடிச்சித் தொங்கினேன். தப்பு என்னோடது, உன்னோடது இல்ல."

"அப்ப நீங்க ஒரு வருஷமா நம்புனது?"

"தப்பா நம்பினேன்."

"ஆண்டவரயா, கார்டயா?"

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பதில் ஒன்று சொல்ல ஆசைதான். "எனக்குத் தெரியலம்மா," என்றேன். "என் மூஞ்சியில அப்ப ஒரு கோபம் பாத்தியே, அது மட்டும் பொய். அத நம்பாத." அவள் கண்ணாடியில் தலை சாய்த்துக்கொண்டாள். தானா ராத்தா தாண்டும்போது தூங்கிவிட்டாள்.

மாலையில் கணவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். உள்ளே போய் மகளுக்கு ஒரு முட்டை பொரித்தார். நான் சோறும் ரசமும் எடுத்து வைத்தேன். மூவரும் உட்கார்ந்தோம்.

எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பேச்சு வராத வயதிலேயே பிள்ளைகளின் கைகளைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடப் பழக்கினேன். மகன் போன அன்றும் யாரோ கொண்டுவந்த கஞ்சிக்கு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடித்தோம். அன்றும் நான் கை கூப்பப் போனேன்.

"வேணாம்மா," என்றாள் மகள்.

கணவர் என்னைப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணாத்தான் சாப்பாடுன்னா எனக்கு வேணாம். சும்மானா சாப்பிடறேன்."

தட்டில் ஆவி பறந்தது. அவளுடைய மணிக்கட்டு என் கண் முன்னால் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாமே, என்னைப் பெற்றவர்கள் எனக்குத் தந்த எல்லாமே, கையைக் கூப்பு என்று சொன்னது.

"சரி. சாப்பிடு," என்றேன்.

அவள் உடனே கை வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "மனசுக்குள்ளயும் பண்ணக் கூடாது."

"பண்ணல."

அது உண்மை. அவள் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் மென்று விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்தேன். இன்னொரு வாய். முட்டையில் ஓரத்தைப் பிய்த்துத் தின்றாள். பாதிக்கு மேல் முடியவில்லை, தட்டைத் தள்ளினாள்.

"நாளைக்கும் ஜெபம் வேணாம்மா."

"சரி. நாளைக்கும் சாப்பிடு."